மருந்து முக்காத குச்சிகள்

மதினி,

இன்று காலை மதுரையிலிருந்து ஒரு மரக் கேமரா பார்சலில் வந்தது. பிரித்து வைத்து, முன்பலகையைத் தாங்கும் கீலைத் தொட்டுப் பார்த்தேன். திருகாணி பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றியது. மரப்பசை டப்பாவைத் திறந்தேன். அந்தப் புளிப்பு வாடை ஏறியதும் கை நின்றுவிட்டது. கேமராவை அப்படியே தள்ளி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டன.

முதல் கேமரா உங்களுக்கு நினைவிருக்கும். சாத்தூரில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த என்னை நம்பி, பழைய கேமராக்கள் சேர்க்கும் மதுரை டாக்டர் ஒருவர் அதைக் கொடுத்திருந்தார். திருகாணி ஓட்டைகள் எல்லாம் தேய்ந்து அகன்றிருந்தன. தடிமனான திருகாணியை வைத்து அழுத்தி முடுக்கினேன். நூறு வயதுத் தேக்குச் சட்டம் நீளவாக்கில் விரிசல் விட்டது. மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தபோதுதான், மகளின் காலேஜுக்குப் போட்டோ வேண்டும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். உங்களுக்கு நான் மதினி, எனக்கு நீங்கள் மதினி.

"என்ன மதினி, எளவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீக?"

சொன்னேன். சட்டத்தைக் கையில் வாங்கி, சுண்டுவிரல் நகத்தால் ஒரு ஓட்டையைத் துழாவிப் பார்த்தீர்கள். மகளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு வீடு தள்ளியிருந்த உங்கள் வீட்டுக்குப் போய் ஒரு கைப்பிடி தீக்குச்சியோடு திரும்பினீர்கள். மருந்து முக்காத வெறும் குச்சிகள். பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் முன்னால் பல வருசம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர் நீங்கள்.

"ஓட்டை பெருசாச்சுன்னா ஸ்குருவப் பெருசாக்கக் கூடாது மதினி. ஓட்டையச் சின்னதாக்கணும்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் நமக்கு அதிலேயே போயின. ஓட்டைக்குள் படிந்த பழைய எண்ணெய்ப் பிசுக்கை நான் சுரண்டி எடுப்பேன். பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது. நீங்கள் குச்சிகளைப் பசையில் தோய்த்து ஒவ்வொன்றாகச் செருகுவீர்கள். இனி ஒன்றுகூட நுழையாது என்னும்போது இன்னும் ஒன்றை நுழைத்துக் காட்டுவீர்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு, நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் மட்டமாக அறுத்து, நடுவில் மெல்லிய துளை போட்டு, பழைய பித்தளைத் திருகாணியையே திரும்ப முடுக்குவோம். அது மரத்தைக் கவ்வும் நேரத்தில் இருவருமே மேசைமேல் குனிந்து பார்ப்போம்.

கடைக்குள் நுழையும் முன், வாசல் இரும்புக் கதவில் உள்ளங்கையை ஒரு தரம் அழுத்திவிட்டுத்தான் வருவீர்கள். என்ன சடங்கு இது என்று ஒருநாள் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"உடம்புல கரண்டு நிக்கும் மதினி. கம்பெனியில மருந்து ரூமுக்குள்ள போகையில செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போகணும். ஒருநாள் மறந்துட்டா? அதான் எங்க போனாலும் தொட்டுக்கிடுறது."

அதன்பிறகு நான் சிரித்ததில்லை.

ஆடி பிறந்ததும் தீபாவளி ஆர்டர் குவிந்தது. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேன் விடியும் முன்பே முக்கில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். தப்பித் தவறித்தான் நீங்கள் கடைக்கு வந்தீர்கள். ஒருநாள் குச்சியைப் பசையில் தோய்த்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"எங்க ரூம் கதவும் இப்படித்தான் மதினி. மருந்து செலுத்துற ரூம். கீழ்க் கீலு ஸ்குரு அம்புட்டும் களண்டு போச்சு. கதவு தொங்கித் தரையில உரசுது. தொறக்கையில ஒரு சத்தம் வருது பாருங்க... வீட்டுல கண்ண மூடுனாலும் அந்தச் சத்தந்தான்."

"போர்மேன்கிட்டச் சொன்னீகளா?"

"சொன்னேன். சீசன் முடியட்டும்னாரு. நேத்து யாரோ ரெண்டு இரும்பாணிய அடிச்சு வச்சிருக்காங்க. அதுவும் ஆடுது. இரும்பு உரசுனாப் பொறி பறக்கும், மருந்துக்கு அது போதும்."

"வேலைய விட்டுருங்க மதினி."

"தீவாளி மட்டும். மக படிப்பு இந்த வருசத்தோட முடியுது."

இதைச் சொல்லும்போது குச்சி ஓட்டையில் இறங்காமல் முறிந்தது. ஊசி முனையளவு இடத்தில் குச்சி செருகும் அந்த விரல்களில் ஒரு குச்சி முறிந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, ஆறு பித்தளைத் திருகாணியும் கொஞ்சம் பசையும் கேட்டீர்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை. கடிதாசியில் மடித்துக் கொடுத்தேன். நீங்கள் படியிறங்கிய பிறகு கூப்பிட்டு, "கையாலயா முடுக்குவீக?" என்று என் திருப்புளியையும் பைக்குள் போட்டேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தீர்கள்.

மறுநாள் முற்பகல், ஒரு குழந்தையை ஸ்டூலில் உட்கார வைத்து வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த படங்களின் கண்ணாடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. வெளியே வானத்தில் ஒரு மேகம் இல்லை. தெருவில் எல்லோரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஏழாயிரம்பண்ணைத் திசையில் எழுந்த வெள்ளைப் புகையைப் பார்த்து நின்றார்கள். உங்கள் போனுக்கு அடித்தேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வேனிலேயே இருக்கும் என்பது தெரிந்தும் சாயங்காலம் வரை அடித்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது, எடுக்கத்தான் ஆளில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பேர் படித்தார்கள். ஐந்தாவது பேர் உங்களுடையது.

காரியத்துக்கு வந்தேன். அதன் பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை மதினி. "யாரோ உள்ள இரும்புச் சாமான் கொண்டு போயிருக்காக" என்று டீக்கடையில் பேசினார்கள். தொழிலாளிகளின் கவனக்குறைவுதான் என்று கம்பெனிக்காரர்களும் சொன்னார்கள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் என் திருப்புளி என் கண்முன்னே வந்தது. அந்தப் பொறி அதிலிருந்துதான் வந்ததோ?

இருபது நாள் கழித்து உங்கள் மகள் கடைக்கு வந்தாள். வேன் டிரைவர் கொண்டுவந்து கொடுத்த உங்கள் பை அவள் கையில் இருந்தது. தூக்குவாளி, போன், பசை, கடிதாசி மடிப்பில் ஆறு திருகாணி. அடியில் கைக்குட்டையில் சுற்றிய என் திருப்புளி.

"இது உங்களுதா அத்தை?"

திருப்புளியை வாங்கி மேசையில் வைத்தேன். அவளே மேலே சொன்னாள். தண்ணீர் எடுக்க வெளியே போனதால் பிழைத்த உங்கள் கூட்டாளி அவளிடம் சொன்னதாம். அன்று காலை வேனைவிட்டு இறங்கிய உடனே நீங்கள் போர்மேனிடம் போயிருக்கிறீர்கள். "ரூமக் காலி பண்ணிட்டுக் கதவக் களத்திக் குடுங்க. வெளிய தள்ளி வச்சு நானே சரி பண்ணித் தாறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். "லோடு ஏத்தணும், போய் வேலையப் பாரு" என்றாராம். நீங்கள் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனீர்களாம்.

என் இரும்பு உள்ளே போகவில்லை என்று தெரிந்த அந்த நிமிசம், எனக்கு ஆசுவாசமாக இருந்தது மதினி. நீங்கள் போய்விட்டீர்கள், எனக்கு ஆசுவாசம். அந்த வெட்கம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

விசாரணைக்கு அதிகாரி வந்தபோது, நானும் உங்கள் மகளும் போய்க் கதவைப் பற்றிச் சொன்னோம். அதற்கு முந்தைய நாள் கம்பெனி ஆள் ஒருவர் கடைக்கு வந்து, "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேல?" என்று பதமாகத்தான் கேட்டார். சொன்னதை எழுதிக்கொண்டார்கள். கதவுதான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கதவும் இல்லை, அறையும் இல்லை. கேஸ் இன்னும் நடக்கிறது. அதே வேன் அதே முக்கில் மறுபடி வந்து நிற்கிறது.

அந்த வேனில் போகிறவர்களும் போட்டோ எடுக்க என்னிடம்தான் வருகிறார்கள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: "உங்க ரூம் கதவு சரியா இருக்கா?" சிலர் சிரிக்கிறார்கள். சிலர் என்னைக் கிறுக்கி என்று நினைத்திருப்பார்கள். நேற்று வந்த பெண் சிரிக்கவில்லை. கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

கடையைச் சாத்தினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு பஸ் ஏறினேன்.