ஓட்டிக் காட்டியவள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஒருவர் வந்து மேனுவல் கியரின் மகிமையை எனக்கு முக்கால் மணி நேரம் போதித்தார். கிளட்ச் இல்லாத காரை ஓட்டுவதும் லிஃப்டில் போவதும் ஒன்றாம். கார் வேறு, தான் வேறு என்றே இருக்கக் கூடாதாம். கார் விற்கிறவள் என்ற முறையில் பக்தியோடு தலையாட்டினேன். கடைசியில் ஆட்டோமேட்டிக்கை புக் செய்துவிட்டுப் போனார். "டிராஃபிக்ல முட்டி வலிக்கும் பாருங்க."

எங்கள் சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் மேனுவல் ஒன்றே ஒன்றுதான் ஷோரூமில் இருக்கிறது. இரண்டு கதவு, ஆறு கியர், ஐந்து மாதமாக அசையாத ஸ்டாக். டெஸ்ட் டிரைவுக்கும் அதுவேதான் போகிறது.

மார்ச் 5, வியாழன்

மேனேஜர் மீட்டிங். "மாசக் கடைசிக்குள்ள அந்த மேனுவல் போகலைன்னா, கம்பெனி லிஸ்ட்ல இருந்தே தூக்கிடுவாங்களாம். இனிமே நமக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்தான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும், "வித்துக் காட்டுறேன் சார்" என்றேன். என் வாய் என்னைக் கேட்டுத் திறப்பதில்லை.

ஏன் எனக்கு இந்த வேண்டாத வேலை? உண்மையைச் சொன்னால், சிரித்துச் சிரித்தே தாடை வலிக்கும் இந்த உத்தியோகத்தில் அந்தக் காரோடு இருக்கும் இருபது நிமிடம்தான் எனக்குப் பிடித்தது. அது போனால் மிச்சம் சீட் கவர் நிறம் பற்றிய விவாதம்தான். யாரிடமும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

மாமியார் வீட்டுக்கு எங்கள் பழைய காரில் போனோம். நான்தான் ஓட்டினேன். இறங்கும்போது கணவர், "நீ ஓட்டினா நான் கூட வர்ற ஆள் இல்லை. ஆடியன்ஸ்" என்றார். கைதட்டிவிட்டு இறங்கச் சொன்னேன்.

மார்ச் 10, செவ்வாய்

கார் கிளப் தலைவர், பரிவாரம் பதினொரு பேருடன் விஜயம். பனியனில் கியர் படம். மேனுவலைக் காப்பாற்றச் சொல்லி 412 பேர் கையெழுத்துப் போட்ட மனு வைத்திருக்கிறார்களாம். இதில் யார் வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எங்கள் சீலிங் விளக்குகள் பிடித்துப்போயின.

வழக்கம்போல முதல் பாதி நான் ஓட்டிக் காட்டினேன். வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபடியே, அதே காலின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். கார் ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் திரும்பியது. பிறகு தலைவர் உட்கார்ந்தார். கிளம்பும் முன்பே வண்டி அணைந்தது. "கிளட்ச் கொஞ்சம் ஹார்டா இருக்கு."

பாவம் கிளட்ச்.

மார்ச் 13, வெள்ளி

ஒரு பல் டாக்டர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், தனியாக வந்தார். போதனை இல்லை. ஒரே ஒரு கேள்வி. "இதைத் தப்பா ஓட்டினா என்ன ஆகும்?"

"காட்டுறேன் மேடம்" என்று சொல்லி, பத்து நிமிடம் சரியாக ஓட்டிக் காட்டினேன். அவர் அடுத்த சிக்னல் வரை ஓட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். யோசித்துச் சொல்கிறாராம். பல் பிடுங்குகிறவர்களுக்குத் தைரியம் அதிகம் என்று யார் கிளப்பிவிட்டது?

மார்ச் 16, திங்கள்

யோசித்து முடித்துவிட்டார் போல. போன் இல்லை.

மார்ச் 21, சனி

ஓட்டிப் பார்த்தும் வாங்காதவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் போன் செய்து, காரணத்தைப் படிவத்தில் எழுத வேண்டும். இது கம்பெனி விதி. ஐந்து மாதமாக நான் ஒருவருக்கும் போன் செய்ததில்லை. டீ குடிக்கும் நேரத்தில் காரணங்களை நானே எழுதிவிடுவேன். முட்டி வலி. மனைவி சம்மதிக்கவில்லை. கோழைத்தனம் என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அதிலேயே டிக் அடித்திருப்பேன்.

இன்று மேனேஜர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நிஜமா பண்ணுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

ஒன்பது பேரிடம் பேசினேன். முதல் ஆள்: "நீங்க ரொம்ப நல்லா ஓட்டினீங்க மேடம். அதுக்கப்புறம் நான் ஓட்டவே கூச்சமா இருந்துச்சு." அடுத்தவரும் அதையே சொன்னார். கிளப் தலைவர் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நின்றார். பல் டாக்டர் மட்டும் நேராகச் சொன்னார்: "நான் தப்பு பண்ணிப் பாக்க வந்தேன். நீங்க விடலை."

மேனேஜர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

நானா? இத்தனை நாளா நானேதானா? வர்றவங்களை எல்லாம் கிண்டல் பண்ணிக்கிட்டு — ஒவ்வொருத்தரையும் துரத்திவிட்டது நான்தானா? காரை விக்கிறேன்னு சொல்லிட்டு என்னையே காட்டிக்கிட்டு இருந்திருக்கேன். வெட்கமா இருக்கு.

மார்ச் 24, செவ்வாய்

பல் டாக்டருக்கு மறுபடியும் போன் செய்தேன். "இன்னொரு தடவை வாங்க மேடம். நான் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன்."

"பேசவும் கூடாது."

"சரி மேடம்."

"என்கிட்ட வர்ற எல்லாரும் வாயைத் திறக்கணும். நீங்க மூடிக்கிட்டா போதும்."

மார்ச் 26, வியாழன்

ஷோரூம் வாசலிலிருந்தே அவர்தான் ஓட்டினார். ஏழு முறை அணைந்தது. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இல்லாத கிளட்சை என் இடது கால் மிதித்துக்கொண்டே இருந்தது. 'கொஞ்சம் மெதுவா விடுங்க' என்ற வாக்கியம் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். ஏழு முறையும்.

எட்டாவது முறை நகர்ந்தது. வளைவில் இரண்டாவது கியர் கறகறவென்று கத்திக்கொண்டு விழுந்தது. அவர் சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல, ரோட்டைப் பார்த்து.

இறங்கியதும், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

மார்ச் 31, செவ்வாய்

கார் போய்விட்டது. லிஸ்டில் மேனுவல் நீடிக்கிறது. சொன்னபடி விற்றுக் காட்டிவிட்டேன்.

"ஏங்க, ஜெயிச்சுட்டு முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" என்றார் மேனேஜர். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அந்தக் கார் போனது எனக்குக் கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 25, சனி

முதல் சர்வீஸுக்குப் பல் டாக்டர் வந்திருந்தார். வேலை முடிந்து வண்டி வெளியே வந்ததும், "ஏறுங்க, சரியா இருக்கான்னு ஒரு ரவுண்ட் பாத்துடலாம்" என்றார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

ரவுண்டானாவை நெருங்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். ஆக்ஸிலரேட்டரில் அந்தத் தட்டு கொஞ்சம் தாமதம். தோள்பட்டை லேசாக முன்னால் போய் வந்தது. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எப்படி இருந்தது என்று கேட்பார், சொல்லலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நானும் அதை மறந்துவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். ஷோரூம் வந்தது. அவர் இண்டிகேட்டர் போட்டார்.

"இன்னொரு ரவுண்ட் போகலாமா மேடம்?" என்று கேட்டது நான்தான்.