ஸ்லாக்ஸ் என்றுதான் சொன்னேன்

மே 11, 1971. செவ்வாய்.

காலையிலேயே அனல். கடற்காற்று மதியம் வரை எட்டிப் பார்க்கவில்லை.

நான் யாரையும் துரத்தவில்லை. முதலில் அது. சாந்தோம் முழுக்கப் பேச்சு: ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வந்த பையனை, சட்டை சரியில்லை என்று அவள் அம்மா துரத்திவிட்டாளாம். பொய். காபி கொடுத்தேன். கேக் கொடுத்தேன், என் கையால் செய்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “சட்டையை உள்ளே விடும் பழக்கம் இல்லையா, தம்பி?” எழுந்து போனது அவர்கள்.

நடந்தது இதுதான். சம்பந்தம் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு ரெஜினா. அவளிடம் சொல்லி அனுப்பினேன்: இந்த வெயிலில் பையன் கோட்டு, டை என்று வேக வேண்டாம், ஸ்லாக்ஸ் போதும். ஸ்லாக்ஸ் என்றால் கால்சட்டை. கோட்டோடு ஜோடி சேராத தனிக் கால்சட்டை. கான்வென்டில் படித்தது, மறக்கவில்லை. ஞாயிறன்று அந்தப் பையன் மரியதாஸ் வந்து நின்ற கோலம்! அரைக்கை, திறந்த கழுத்து, சட்டை முழுக்க வெளியே. முதல் தடவை ஒரு வீட்டுக்கு வருகிறவன்.

நான் கேட்டதும் அவன் அம்மாவுக்கு வந்தது கோபம். திருநெல்வேலிக் குரல், தெருக்கோடி வரை கேட்கும். “நீங்கதான ஸ்லாக் போதும்னு சொல்லிவிட்டிய? இப்பம் சட்டையக் குத்தம் சொல்லுதிய! எந்திரிடா, போவோம்.”

நான் சொன்னேனாம்!

மே 12. புதன்.

சலவைக்கு: வெள்ளைப் புடவை 3, தலையணை உறை 4, ஸ்டெ. புடவை 2. போன தடவை ஓர் உறை குறைந்தது, கேட்க.

ரெஜினாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். கொஞ்சமும் பயமில்லை அவளுக்கு.

“ஸ்லாக்னா வெளிய விடுற சட்டைதான், ஆன்ட்டி. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட இருக்கே.”

“கால்சட்டைக்கு என்ன சொல்வாய்?”

“பேண்ட்.”

“நான் ஸ்லாக்ஸ் என்றேன். கடைசி ஸ் எங்கே போயிற்று?”

“எந்த ஸ், ஆன்ட்டி?”

இவளிடம் போய்ச் சொல்லி அனுப்பினேனே.

இந்த ஊரில் எதற்குமே சரியான பெயர் கிடையாது. ரவிக்கை, ஜாக்கெட்டாம். அப்படியானால் ஜாக்கெட்டுக்கு என்ன பெயர்? ஃபிராக் எல்லாம் கவுன். பையன்கள் போடும் அரைக்கால்சட்டை டிராயர். என் மேசையில் இருப்பதும் டிராயர். இதையெல்லாம் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். தலையைத் தூக்காமல் பதில்: “போன வாரம் டெய்லர்கிட்ட ‘என் ஜாக்கெட் ரெடியா’ன்னு நீதானே கேட்டே?”

அது வேறு.

மே 14. வெள்ளி.

மீன்: வஞ்சிரம் இல்லை. சங்கரா. மீன்காரி கூடையை இறக்குவதற்குள்ளேயே, “இன்னாம்மா, சொக்கா நல்லால்லன்னு மாப்பிள்ளைய தொரத்திட்டியாமே? மீனாச்சும் புடிக்குதா பாரு.” சிரிக்கிறாள். எடுத்த மீனைத் திருப்பிப் போட்டேன். பிறகு வாங்கினேன், வேறு வழியில்லை.

மாலை பாண்டி பஜார். ரெஜினாவுக்கு நிரூபித்துவிடலாம் என்றுதான். பெரிய கடை, விளக்கு, விசிறி. “ஸ்லாக்ஸ் காட்டுங்கள்” என்றேன். ஒரு குவியல் சட்டையைக் கொண்டுவந்து விரித்தான் கடைக்காரன்.

“இது இல்லை. கீழே போடுவது.”

“கீழ போடுறதா? அது பேண்டும்மா. மாடிக்குப் போங்க.”

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஊரே சேர்ந்து தப்பாகச் சொன்னால் தப்பு சரியாகிவிடுமா? ஆகிவிடும்போல் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

மே 15. சனி.

மேகம் கூடி, ஏமாற்றிவிட்டுப் போனது. ஸ்டெ. மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை, கேட்கவும் முடியவில்லை.

இன்று தட்டைக் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி:

“அந்தச் சட்டை புதுசும்மா.”

“அதற்கென்ன?”

“கோட்டு சூட்டு எல்லாம் இஸ்திரி போட்டு ரெடியா வெச்சிருந்தாராம். நீ சொல்லி அனுப்பினேன்னு துணி எடுத்துத் தைச்சிருக்கார். வராந்தாவுல என்கிட்ட கேட்டார், ‘உங்க அம்மாவுக்குப் பிடிக்குமா’ன்னு.”

“நீ என்ன சொன்னாய்?”

“பிடிக்கும்னேன்.” குழாயை மூடினாள். “எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. உனக்கு அந்தக் கடைசி ‘ஸ்’தான் முக்கியம்னா வெச்சுக்கோ.”

இந்த வீட்டில் என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவள் அப்பாகூட. இரண்டு தடவை பதில் சொல்ல எழுந்து அடுப்படி வரை போய்த் திரும்பினேன்.

வெள்ளையில் நீலக் கோடு. சட்டைப் பையின் கோடும் சட்டையின் கோடும் ஒரு நூல் பிசகாமல் சேர்ந்திருந்தன. காபியை நீட்டும்போதே பார்த்தேன். அந்தப் பொருத்தம் எளிதில் வராது, சொல்லித் தைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்த கண்ணால்தான் அந்தக் கேள்வியையும் கேட்டேன்.

மே 16. ஞாயிறு.

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால், வாசலில் ரெஜினா. “நான் வேணா மாம்பலத்துல அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா, ஆன்ட்டி?” வேண்டவே வேண்டாம். இவள் போனால் அடுத்து எந்த எழுத்து விழுமோ.

நானே எழுதினேன். தமிழில். நகல்:

‘தம்பி மரியதாஸுக்கு,

நான் சொல்லி அனுப்பியது கால்சட்டையை. உங்களுக்கு வந்து சேர்ந்தது மேல்சட்டை. ஆங்கிலத்தில் நான் சரி. இந்த ஊர்த் தமிழில் நீங்கள் சரி. ஸ்டெல்லாவுக்கு இதில் பங்கில்லை.

உங்கள் சட்டையின் தையல் நேர்த்தியாக இருந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உங்கள் அம்மாவிடம் நான் நேரில் பேசிக்கொள்கிறேன். வரும் ஞாயிறு மாலை இருவரும் வரவும். அதே சட்டையைப் போடலாம். வெளியே விட்டே.

வருவது பற்றி யாரிடமும் வாயால் சொல்லி அனுப்ப வேண்டாம். எழுத்தில் பதில் போடவும்.’