நாலாவது விதி

28-9-92, திங்கள்

காலையில் தூறல். மலை உச்சி தெரியவில்லை. கிணற்றடி வழுக்கல்.

இதை எழுதுவதற்குள் காபி ஆறிவிட்டது. பரவாயில்லை. எழுத்து நன்றாக வந்திருக்கிறது. 'ழு' மட்டும் இன்னும் நொண்டுகிறது.

மேடம் மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். நம் மாடி அறையில் குடியிருக்கும் கல்லூரிக் கணக்கு மேடம். மாலை வகுப்பில் எனக்கும் அயூப் பாய்க்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். இது அவரே எழுதிய புத்தகம். எம்.எஸ்சி. படிக்கிறவர்களுக்கும் அதற்கு மேல் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும். முழுவதும் தமிழ். மெட்ராஸ் அச்சாபீசிலிருந்து தபாலில் வந்த முதல் பிரதி. ஒன்றே ஒன்று. மீதிக் கட்டு லாரியில்.

அட்டையை நானே படித்தேன். குலங்களும் வளையங்களும். யாரும் கேட்காமலே உரக்கப் படித்தேன்.

"கல்யாணப் புஸ்தகமா?" என்றாள் என் வீட்டுக்காரி பச்சையம்மா, அடுப்படியிலிருந்து.

மேடம் சிரித்துவிட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். விஜயதசமி அன்று செங்கம் ரோடு மண்டபத்தில் வெளியீடு. "காலேஜ்ல ஒருத்தரு, இவ்ளோ பெரிய கணக்கெல்லாம் தமிழ்ல எழுதினா யாரு வாசிக்கப் போறாங்கன்னு கேக்கறாரு ஐயா. போன வருஷம் வரைக்கும் கைநாட்டு வச்சவரு எழுந்து முதல் பக்கத்த வாசிக்கணும். புரியறது அப்புறம். வாசிக்க வருதுன்னு காட்டணும்."

மேடை. மைக். நான்.

"நீங்க, இல்லேன்னா பாய். ரெண்டு பேருமே தயாரா இருங்க. அன்னைக்குப் பாத்துக்கலாம்."

அந்த 'இல்லேன்னா' தொண்டையில் மீன் முள் மாதிரி.

புத்தகம் ஒருநாள் என்னிடம், ஒருநாள் பாயிடம். இன்று என் முறை.

29-9-92, செவ்வாய்

வெயில். பாய் விடிந்ததும் வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். பல்கூட விளக்கியிருக்க மாட்டார்.

இனி பா. என்றே எழுதப்போகிறேன். அவர் பேருக்கு அதற்கு மேல் மை செலவழிப்பதாக இல்லை.

புத்தகம் இல்லாததால் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். இன்று படித்தவை:
சோப்புக் கட்டி.
மின்சார பில், பின்பக்கம்கூட.
பஸ் போர்டு: போளூர், செங்கம், கீ.பெ. (கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கடலை மண்டியில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கினேன். அந்த ஊர்ப் பெயரில் இத்தனை எழுத்து இருப்பது இப்போதுதான் தெரியும்.)
சுவரில், இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்கள். அதன் மேலேயே ஒட்டிய நோட்டீஸ்.

தேரடித் தெரு வழியாகப் போனேன். தற்செயலாகத்தான். பா. தன் பூட்டு ரிப்பேர் கடையில் உட்கார்ந்து உரக்க வாசிக்கிறார். எதிரில் சாவி போட வந்த இரண்டு பேர், ஒரு சைக்கிள்காரர். என்ன குரல் அது. பள்ளிவாசல் கிணறு மாதிரி ஆழம். எனக்கு இருப்பது மண்டியில் மூட்டை எண்ணிக் கத்திக் கத்திக் கிழிந்த குரல்.

"வா ஏழுமலை! எந்த எழுத்தாவது தகராறு பண்ணுதா?"

"ஒண்ணும் இல்ல பாய்."

பொய். முதல் வரியிலேயே ஓர் இங்கிலீஷ் எழுத்து. மண்டிக் கொக்கியைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. பா.வுக்குத் தெரியும். சாவிகளில் வெட்டியிருக்கும் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். அவரிடம் கேட்பதற்கு நான் கைநாட்டாகவே இருந்துவிடலாம்.

30-9-92, புதன்

என் முறை. மேடத்திடம் கேட்டேன். அந்த எழுத்து ஜி. அவ்வளவுதான், ஜி.

முதல் பக்கத்தை விரல் வைத்து முடித்தேன். இரண்டு வெற்றிலை ஆயிற்று. ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல், மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வெளியூர்ச் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் ஆனந்தம்.

குலம் என்றால் நாலு விதி வேண்டுமாம். அடைவு விதி, சேர்ப்பு விதி, சமனி விதி, எதிர்மறை விதி. நாலில் ஒன்று குறைந்தாலும் அது குலம் இல்லை. பச்சையம்மா மணிலா உரித்துக்கொண்டே கேட்டாள். மேடம் மாடிப்படியில் நின்று விளக்கினார்.

"சமனின்னா, யார் கூட சேந்தாலும் அவங்கள ஒண்ணும் மாத்தாதும்மா. அப்பிடியே விட்டுடும்."

"அது எங்க அண்ணன். வந்தாலும் ஒண்ணுதான், வரலேன்னாலும் ஒண்ணுதான்."

"எதிர்மறைன்னா, ஒவ்வொரு ஆளுக்கும் எதிரா ஒரு ஆளு அதே கூட்டத்துல இருக்கணும். ரெண்டும் சேந்தா சமனி வரும்."

பச்சையம்மா என்னைப் பார்த்தாள். "இவருக்கு அது பாய்தான்."

மேடம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

2-10-92, வெள்ளி

மழை ஜாஸ்தி. என் முறை. வெள்ளிக்கிழமை என்பதால் பா. தொழுகைக்குப் போயிருப்பார், கடை மூடியிருக்கும் என்று நிம்மதியாகப் படித்தேன். இன்று அவர் முறையே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பக்கம் முழுவதும் நாலு இடத்தில்தான் தடுக்கியது.

சாயங்காலம் தொழுகை முடித்த தொப்பியோடு பா. வந்தார். பச்சையம்மா டீ கொடுத்தாள். எனக்குக் கொடுத்ததைவிட ஆடை கம்மிதான், பார்த்துவிட்டேன்.

"இன்னா ஏழுமலை, எழுத்துங்க ஓடிப் போயிடுமா? விரலால பிடிச்சி வச்சிருக்க?"

"நீங்க மோட்டுவளையப் பாத்துகிட்டு படிக்கறீங்களே, அங்க எழுதியிருக்குதா?"

பா. கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தை மேலிருந்து சொல்லத் தொடங்கினார். ஜி முதற்கொண்டு. நிறுத்தவே இல்லை. பச்சையம்மா மணிலா உரிப்பதை விட்டுவிட்டுக் கேட்டாள். மாடியிலிருந்து மேடமும் எட்டிப் பார்த்தார்.

"மனப்பாடம் பண்றது படிப்பா பாய்?" என்றேன்.

"படிக்காம எப்பிடிப்பா மனப்பாடம் பண்றது?"

டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மேடம் அவரைத்தான் கூப்பிடுவார்.

4-10-92, ஞாயிறு

வெயில், புழுக்கம். என் முறை. தடுக்கல் இரண்டு.

மேடம் கவலையாக இருக்கிறார். லாரி ஆபீசுக்குப் போன் போட எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வந்தார். ஆயுத பூசைக்கு வண்டிகளை எல்லாம் கழுவி நிறுத்திவிட்டார்களாம். கட்டு புதன்கிழமைதான் வரும். வெளியீட்டுக்கு நம்மிடம் இருக்கும் ஒரு பிரதிதான்.

"பத்திரமா பாத்துக்கங்க ஐயா."

நாளை சரசுவதி பூசை. பூசையில் வைத்த புத்தகத்தை அன்று தொடக்கூடாது, மறுநாள் காலை பூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும். இது எனக்கு இந்த வருஷம்தான் உறைக்கிறது. இதுவரை படிக்காதே என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டிய தேவை இருந்ததில்லை!

கடைசி நாள் நான் படிக்க முடியாது. பா.வுக்கு அந்தத் தடை கிடையாது. நாளை அவர் முறை வேறு. ஒருநாள் முழுக்க, கடையும் லீவு, உட்கார்ந்து தேய்ப்பார்.

தூக்கம் வராது போலிருக்கிறது. ஒரு யோசனை.

6-10-92, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. நோட்டும் பேனாவும் சாமியிடம். நேற்றையதையும் சேர்த்து எழுதுகிறேன்.

திங்கள் விடியற்காலையிலேயே பச்சையம்மாவை எழுப்பினேன். "பூசைய இப்பவே போடு."

"இன்னாத்துக்கு இப்பிடி பறக்கறீங்க? இன்னும் பொரியே வாங்கல."

"பொரி அப்புறம் வாங்கலாம்."

பா. வருவதற்குள் புத்தகம் சாமியிடம் போய்விட வேண்டும். அதுதான் யோசனை. எனக்கு இல்லாத நாள் அவருக்கும் வேண்டாம்.

நாற்பது வருஷமாகப் பலகையில் என் மூட்டைக் கொக்கியைத்தான் வைப்போம். இந்த வருஷம் பேனா, நோட்டு, வகுப்புப் புத்தகம், நடுவில் மேடத்தின் புத்தகம். பச்சையம்மா என் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வாங்கி வைத்தாள். "இதுவும் இப்ப உங்க ஆயுதம்தானே." பொட்டு வைத்த கண்ணாடியை நோட்டின் மேல் நேராக வைத்தேன். கொக்கியை ஓரமாக வைத்தோம்.

மண்டியில் புதுக் கணக்கு நோட்டுக்கு முதல் பக்கத்தில்தான் சந்தனம் வைப்பார்கள். அவளும் அப்படியே புத்தகத்தைத் திறந்து முதல் பாடத்தின் பக்கத்தில் குழைத்த சந்தனத்தை நாலு மூலையிலும் நடுவிலும் வைத்தாள். காயட்டும் என்றாள். வாசலில் செருப்புச் சத்தம். நான் படக்கென்று மூடி, மேடம் பூசைக்குக் கொடுத்திருந்த கனமான இங்கிலீஷ் கணக்குப் புத்தகங்களை அதன் மேல் அடுக்கிவிட்டேன்.

பா. வந்து நின்றார்.

"சாமிகிட்ட போயிடுச்சு பாய். இனி நாளைக்குத்தான்."

முகம் சுருங்கும் என்று பார்த்தேன். "அதுக்கு இன்னா? பொரி உண்டா?" என்று உட்கார்ந்துவிட்டார். சுண்டல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை.

இனி இன்று.

காலை மறுபூசை. புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேட்டி கட்டுவதிலேயே நேரம் போய்விட்டது. மண்டபம் நிறையப் பிள்ளைகள், எல்லாம் கணக்குப் படிக்கிறவர்கள். முதல் வரிசையில் அந்தக் காலேஜ்காரர், கால் மேல் கால்.

மேடம் மைக்கில் கூப்பிட்டார். "ஏழுமலை ஐயா."

என்னைத்தான்! பா.வைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கை தட்டிக்கொண்டிருந்தார்.

மேடையில் புத்தகத்தைத் திறந்தேன். அட்டை திறந்தது. முன்னுரை திறந்தது. முதல் பாடம் திறக்கவில்லை. இரண்டு தாளும் சந்தனத்தில் ஒன்றாக ஒட்டி அட்டை மாதிரி நின்றன. நகத்தால் நெம்பினேன். கிழியும் சத்தம். நிறுத்தினேன். மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது.

காலேஜ்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடைக்கே கேட்டது. "தமிழ்ல கணக்கு திறக்கவே மாட்டேங்குது பாருங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். மேடத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் அவசரம், என் பொறாமை, அவர் தலையில்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அந்தக் கிணற்றுக் குரல். பா. எழுந்து நின்று, மைக் இல்லாமல், முதல் வரியிலிருந்து. "ஜி என்பது வெற்றாக இல்லாத ஒரு கணம் என்க." மண்டபம் அடங்கிவிட்டது. அடைவு விதி. சேர்ப்பு விதி. சமனி விதி. ஒரு பிள்ளை தலையாட்டிக்கொண்டே கேட்டான், புரிந்தே கேட்டான். என் வயிற்றில் மிளகாய் அரைக்கிற மாதிரி எரிச்சல். என்னைக் காப்பாற்றுகிறார் என்பது தெரிந்தும் எரிச்சல்.

"ஆகவே ஜி ஒரு குலம் ஆகும்" என்று முடித்து உட்கார்ந்தார். கைதட்டல் கிளம்பியது.

என் விரலுக்கடியில் தாளின் கீழ்ப்பாதி மெல்லப் பிரிந்து வந்திருந்தது. சந்தனத்துக்கு நடுவில் ஒரு வரி தெரிந்தது.

"பாய்," என்றேன் மைக்கில். "நாலாவது விதிய விட்டுட்டீங்க."

கைதட்டல் நின்றது. நான் விரல் வைத்து வாசித்தேன். மெதுவாகத்தான். "ஜி-யில் உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எதிர்மறை உறுப்பு ஜி-யிலேயே உண்டு." தடுக்கல் இல்லை.

மேடம் மைக்கை வாங்கினார். "அந்த விதி இல்லேன்னா அது குலமே இல்ல. பாய் சொன்ன மூணும், ஐயா படிச்ச ஒண்ணும். இப்பதான் முழுசாச்சு." பிள்ளைகள் எழுந்து நின்று தட்டினார்கள். காலேஜ்காரரும் காலை இறக்கிவிட்டுத் தட்டினார்.

யாருக்குத் தட்டினார்கள்? எனக்கா, அவருக்கா? வருகிற வழியெல்லாம் அதே யோசனை. பா. ஆட்டோவில் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். "நீ இல்லேன்னா என் கணக்கு தப்பாயிருக்கும்யா."

சந்தனம் ஒட்டின கதையை அவரிடம் சொல்லவில்லை. சொல்லமாட்டேன்.

7-10-92, புதன்

தூறல். லாரிக் கட்டு வந்துவிட்டது. மேடம் எனக்கொன்றும் பா.வுக்கொன்றுமாகப் புதுப் புத்தகம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பா. புத்தகத்தில் எழுதியிருப்பதும் என் புத்தகத்தில் எழுதியிருப்பதும் ஒரே வாசகம். ஒத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் அவருக்குப் பச்சை மை.

சந்தனப் புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "அது உங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா" என்றார் மேடம்.

பா. அதைக் கையில் வாங்கினார். கிழிந்த தாளைத் தடவினார். முகர்ந்து பார்த்தார். நெடுநேரம் கொடுக்கவில்லை.

"ஏழுமலை, எங்கிட்ட இருக்கற புதுசு, உங்கிட்ட இருக்கற புதுசு, ரெண்டையும் நீயே வச்சிக்க. இத எனக்குக் கொடுத்துடு."

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். பத்து நாளாகக் கண்ணாடியில் நான் பார்த்த முகம்.

எவ்வளவு சந்தோஷம் என்று எழுத எனக்கு இன்னும் சொற்கள் போதாது. நாளைக்குச் சொல்றேன் பாய் என்று அனுப்பிவைத்தேன்.

இப்போது வாசலில் மறுபடி செருப்புச் சத்தம். "ஏழுமலை! அந்தப் புஸ்தகம் எங்க?"

எழுதிக்கொண்டே பதில் சொன்னேன். "சாமிகிட்ட இருக்குது பாய்."

"இன்னைக்கு இன்னாய்யா பூசை?"