பிடியில்லாத குழாய்

சிவமயம்

புங்குடுதீவு
13.07.2025

அன்பு மகன் சுஜிதனுக்கு அம்மா எழுதுவது.

நான் நல்ல சுகம். நீயும் மருமகள் தர்சனாவும் என் பேத்தியும் நோய் நொடியில்லாமல் இருக்க ஆண்டவன் துணை நிற்கட்டும். சுகம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே சுகமாயிருக்கிறேன், கிளினிக்கில் பார்த்தபோது சீனியும் பிரஷரும் போன மாதத்தைவிடக் குறைவு, ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவுக்கு வயது போய்விட்டது, தலை சரியில்லை என்று அங்கே யாருக்கும் சொல்லித் திரியவேண்டாம். தர்சனா அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. முழங்காலுக்குப் பூசும் மருந்து நல்ல குணம் தருகிறது, சொக்கிலேற் வெயிலில் உருகிக் கட்டியாகப் போய்விட்டது, அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன், கத்தியால் வெட்டித்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடிந்தது. ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய். குசினிப் பக்கத்து முருங்கை காற்றுக்கு முறிந்து விழுந்துவிட்டது. மழை என்ற பேச்சே இல்லை, கிணறு அடி தெரிகிறது, இருக்கிற தண்ணீரும் வாயில் வைக்க முடியாத உவர்.

தண்ணீர் என்றதும் நீ பெருமூச்சு விடுவது எனக்கு இங்கே கேட்கிறது. போன ஞாயிறு நீ போனில் சொன்னதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் பதில் சொல்லப் பார்த்தேன், நான் வாய் திறக்கிற நேரமெல்லாம் நீ இடையில் புகுந்து, அம்மா ஒரு வரி எழுதிக் குடுத்தால் முடிஞ்சுது, ஒரு கையெழுத்துத்தானே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். கடிதத்தில் நீ இடையில் புக முடியாது. எனவே முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு வாசி. நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஒரு வரியும் எழுதமாட்டேன், அவர்கள் எழுதிக்கொண்டு வந்ததிலும் கையெழுத்து வைக்கமாட்டேன்.

நீ கோயில் வளவுக்குள் குழாய் கட்டிக் கொடுத்தாய், நல்ல காரியம், நான் அதைக் குறை சொன்னதேயில்லை. உவர்த் தண்ணீரைச் சுத்தமாக்குகிற இயந்திரமும் கொட்டகையும் தாங்கியும் எல்லாம் வடிவாய்த்தான் இருக்கின்றன. ஆனால் நீ திறப்புவிழாவுக்கு வந்து, மாலை போட்டு, படம் எடுத்து, லீவு இல்லையென்று அந்தக் கிழமையே பிளேன் ஏறிவிட்டாய். அந்தக் குழாயில் தினம் தண்ணீர் எடுப்பது எப்படி நடக்கிறதென்று உனக்குத் தெரியாது. நாங்கள் வளவுக்குள் போய் நாங்களே திறந்து பிடிக்கிறோம். கடற்கரைப் பக்கத்துச் சனம் கேற்றுக்கு வெளியே தண்ணீர்க் கானை வைத்துவிட்டு நிற்கும். வல்லிபுரம் அண்ணை, கனடாவில் நீங்கள் வைத்திருக்கிற ஊர்ச் சங்கம் சம்பளம் கொடுத்துக் குழாயைப் பார்க்க வைத்திருக்கிற மனிதர், வந்து கானை எடுத்துப்போய் நிரப்பிக் கொண்டுவந்து வெளியே வைப்பார். அவர்களை உள்ளே வராதே என்று யாரும் சொல்லவில்லை, எழுதிப் போடவும் இல்லை. முந்தி நல்ல தண்ணீர்க் கிணற்றில் அவர்களுடைய வாளி படக்கூடாதென்று நாங்கள் அள்ளி ஊற்றினோமே, அது அப்படியே நடந்து வந்து குழாயடியில் நின்றுகொண்டது. கிணற்றுக்காவது வாளி படும் என்று ஒரு சாட்டு வைத்திருந்தார்கள். குழாய்க்குள் யாருடைய வாளி போகிறது. இதில் பெருமை வேறு. நாங்கள் யாருக்கும் தண்ணீர் இல்லையென்று சொல்வதில்லை, நிரப்பி அல்லவா கொடுக்கிறோம் என்று கோயில் தலைவர் எல்லாரிடமும் சொல்வார். பிரதேச சபை மண்டபத்தில் மனித உரிமைப் பயிற்சி என்று ஒரு நாள் நடந்தது, ஆசிரியர்களான எங்களுக்குச் சான்றிதழும் சோற்றுப் பார்சலும் தந்தார்கள், அதற்குக் குத்துவிளக்கு ஏற்றி எல்லாரும் சமம் என்று பேசியவரும் இதே தலைவர்தான்.

இனி நான் செய்த குற்றத்தைக் கேள். ஒன்பதாம் வகுப்புக்குக் குடியியல் பாடம் நான்தான் எடுக்கிறேன். உரிமைகள் பற்றிய பாடம் நடந்தபோது கஜாலினி என்ற பிள்ளை எழும்பி, ரீச்சர், அந்தக் குழாயை நாங்கள் திறந்தால் என்ன பிழை என்று கேட்டாள். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை, சுழிக் குறும்பும் கெட்டித்தனமும் சரிபாதி. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், சொல்லு பார்ப்போம். அதெல்லாம் சோதினைக்கு வராது, இரு பிள்ளை என்றா. புத்தகத்தைத் திருப்பி நீயே வாசி, பிழையென்று எங்கேயாவது இருந்தால் எனக்குக் காட்டு என்றேன். அவள் எழுந்து நின்று சத்தமாய் வாசித்தாள், பிழையென்று எங்கேயும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. சனிக்கிழமை அவள் கானோடு கேற்றுக்குள் போய்த் தானே திறந்து நிரப்பிக்கொண்டு போயிருக்கிறாள். வல்லிபுரம் அண்ணையைக் கேட்டேன், ரீச்சர், நான் தடுக்கேல்லை, பிள்ளை ஒரு சொட்டும் சிந்தாமல் நிரப்பி, குழாயை வடிவாப் பூட்டிப்போட்டுத்தான் போனவள் என்றார். ஆனால் வளவுக்குள் நின்ற வேறு கண்கள் பார்த்துவிட்டன. அன்று பின்னேரமே கோயில் நிர்வாகசபை கூடி, குழாயின் பிடியைக் கழற்றிவிட்டார்கள். இப்போது அந்தப் பிடி வல்லிபுரம் அண்ணையின் மடியில் இருக்கிறது, எங்களில் யாராவது போனால் மாட்டித் திறந்துவிடுவார், மற்றவர்களுக்குப் பழையபடி வெளியே கொண்டுவந்து கொடுப்பார். கஜாலினி வீட்டுக் கானை மட்டும் தொடக்கூடாதாம், நான் மன்னிப்புக் கேட்கிறவரைக்கும்.

பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த கடிதத்தை மேசையில் வைத்து, பேனாவையும் மூடி கழற்றித் தந்தார். மாணவியைப் பிழையான வழியில் தூண்டியதற்கு வருந்துகிறேன் என்று இருந்தது. அவரும் பாவம், உங்கள் சங்கம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டித் தருவதாகச் சொன்ன மாடிக் கட்டடம் அவருடைய கண்ணுக்குள் நிற்கிறது. கையெழுத்து வைக்காவிட்டால் நெடுந்தீவுக்கு மாற்றம் வரும் என்று மெதுவாய்ச் சொன்னார். படகில் கால் வைத்தாலே எனக்குக் குமட்டிச் சத்தி வருமென்று எல்லாருக்கும் தெரியும். வரட்டும், நெடுந்தீவில் பிள்ளைகள் இல்லையா, அவர்களுக்குக் குடியியல் வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடித் திரும்பக் கொடுத்தேன். பென்சனுக்குக் கொஞ்சக் காலம் இருக்கும்போது இதெல்லாம் தேவையா என்று நீ கேட்டாய். இத்தனை வருடம் மாட்டேன் என்று சொல்லாமலே இருந்துவிட்டேன் மகன், இந்தக் கொஞ்சக் காலத்திலும் சொல்லாவிட்டால் பிறகு ஆடுகளுக்குத்தான் சொல்லவேண்டும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளையின் வீட்டில் உவர்த் தண்ணீரை வடித்துக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான் குழாயில் ஒரு கான் நிரப்பிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். கஜாலினியின் தாய் பிரியதர்சினி படலையைத் திறக்கவில்லை. மரியாதையாகத்தான் நின்றாள். ரீச்சர், நீங்களும் எங்களுக்கு ஊத்தித்தான் தரப்போறியளோ என்றாள். பிறகு, நீங்கள் படிப்பிச்சிட்டுப் போயிடுவியள், உங்களுக்கு இடமாற்றம் வந்தாலும் சம்பளம் பின்னால வரும், எங்கட தண்ணி இப்பிடி நிண்டால் எங்களுக்கு என்ன வழி என்றும் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது, வெட்கமாயும் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய்யில்லை. நான் வகுப்பில் உரிமை என்று படிப்பித்துவிட்டு, வீட்டு வாசலுக்குத் தர்மம் கொண்டுபோயிருக்கிறேன். அந்தக் கானைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரும்போது சைக்கிள் மிதிக்க முடியவில்லை, உருட்டிக்கொண்டுதான் வந்தேன்.

அடுத்த நாள் காலமை நான் என் கானோடு கேற்றுக்கு வெளியே போய், கடற்கரைப் பக்கத்துச் சனத்தோடு வரிசையில் நின்றேன். வல்லிபுரம் அண்ணை ஓடிவந்து, ரீச்சர், நீங்கள் ஏன் வெளியில நிக்கிறியள், உள்ளுக்கு வாங்கோ என்றார். எல்லாரையும் உள்ளுக்கு விட்டால் வாறன், இல்லையெண்டால் எனக்கும் இங்கேயே ஊத்தித் தாங்கோ என்றேன். அந்த மனிதருக்குக் கை ஓடவில்லை. என் கானைத் தூக்கப் போவதும் பின்வாங்குவதுமாய் நின்று, கடைசியில் எனக்குத் தராமலே போய்விட்டார். வெறுங் கானோடு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து விடிந்தால் அங்கேதான் நிற்கிறேன், பிறகு பள்ளிக்கூடம் போகிறேன். குடிக்கத் தண்ணீர் கடையில் போத்தலில் வாங்குகிறேன். முதலில் வரிசையில் இருந்தவர்களே என்னைச் சந்தேகமாய்ப் பார்த்து விலகி நின்றார்கள், அதில் பிழையில்லை. இப்போது பின்வீட்டுச் சின்னாச்சி மாமியும் கானோடு வந்து என் பக்கத்தில் நிற்கிறா, கணக்குப் படிப்பிக்கிற சதீசனும் இரண்டு நாள் வந்தான். போன வெள்ளி பிரியதர்சினி வந்தாள். தன் கானை என் கானுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். அதற்குமேல் எனக்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை. தலைவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ரீச்சர், உங்கட மகன் கட்டின குழாய், நீங்கள் இப்பிடி றோட்டில நிக்கிறது அவருக்குத்தானே அவமானம் என்றார். ஓம், அதுக்காகத்தான் நிக்கிறன் என்றேன்.

மகன், அவமானம் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கனடாவுக்குப் போன புதிதில், வாடகைக்கு விட இருந்த வீட்டை, உன் பெயரைக் கேட்டதும், வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்று ஒருவன் சொன்னானே, அவனைச் சும்மா விட்டாயா. முறைப்பாடு கொடுத்து, அலைந்து, அவனிடம் மன்னிப்பு வாங்கிவிட்டுத்தானே ஓய்ந்தாய். எனக்குப் போன் எடுத்து, அம்மா, இது காசுக்கில்லை, நான் மனிசன் எண்டு அவன் சொல்லவேணும் என்றாய். அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல, பள்ளிக்கூட ஸ்ராவ் ரூமில் எல்லாருக்கும் சொன்னேன். அதே நீ இன்றைக்கு, அம்மா, ஊரோட ஒத்துப்போங்கோ என்கிறாய். பனியில் பதாகை பிடித்துக்கொண்டு எங்களுடைய உரிமைக்காக நின்ற படத்தை எனக்கு அனுப்பினாயே, அந்த எங்களில் கஜாலினி இருக்கிறாளா இல்லையா. சங்கத்தில் உனக்குப் பதவி இருக்கிறதாம், சங்கடமாம். எனக்கும்தான் சங்கடம், கோயிலில் எனக்கு விபூதி தருகிறவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதற்காக நான் விபூதி பூசாமல் விடவில்லை.

அந்தக் குழாய்க்கு மேலே கல்லில் அமரர் தில்லையம்பலம் நினைவாக என்று உன் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கிறது. இப்போது அந்தப் பெயருக்குக் கீழே பிடியில்லாத குழாய் நிற்கிறது. உன் அப்பா பெரிய மகாத்மா என்று நான் சொல்லவரவில்லை, கோபக்காரர், என்னையும் உன்னையும் வேண்டிய மட்டும் ஏசியவர். ஆனால் அவர் கொண்டக்ரராய் நின்ற பஸ்ஸில் முதலில் ஏறினவர் முதலில் இருப்பார், அதற்குமேல் கதையில்லை. எங்கள் ஆள் ஒருத்தர் வந்து, கடற்கரைப் பக்கத்துக் கர்ப்பிணிப் பெண்ணை எழும்பச் சொன்னதற்கு, அவர் அந்த மனிதரை இறக்கிவிட்டுப் பஸ்ஸை எடுக்கச் சொன்னதும், சொந்தக்காரர் எங்கள் வீட்டுக்கு வராமல் விட்டதும் உனக்குத் தெரியும். அவருடைய பெயரை வைத்துத்தான் இதைச் செய்வார்கள் என்றால் அதை நான் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், யோசிக்க ஒன்றுமில்லை. குழாய் உன் காசில் கட்டியது, சங்கத்தில் உன் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது. குழாயை மதிலுக்கு வெளியே, றோட்டுப் பக்கம் இழுத்து, பிடியோடு, எல்லாரும் திறக்கிற மாதிரி வைக்கச் சொல்லி நீ எழுத்தில் கொடு. பைப் போடுகிறவரைக் கூட்டிவந்து காட்டினேன், ஒரு நாள் வேலை என்றார். அதற்கு உனக்கு மனமில்லையென்றால் அப்பாவின் பெயரையாவது எடுக்கச் சொல். இரண்டும் செய்யாவிட்டால் நானே உளியும் சுத்தியலும் கொண்டுபோய் அந்தப் பெயரைக் கொத்தி எடுப்பேன், உன் அம்மா செய்வாளா மாட்டாளா என்று உனக்குத் தெரியும்.

தர்சனாவை வேலை வேலையென்று திரியாமல் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பேத்தியோடு வீட்டில் தமிழில் கதையுங்கள், அவள் போனில் என்னை அம்மம்மா என்கிறாள், நான் அப்பம்மா என்று சொல்லிக்கொடு. உன் பல்வலிக்கு டொக்டரிடம் போ, கராம்பு கடித்துக்கொண்டு நாளைக் கடத்தாதே. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நல்ல மனதோடும் இருக்க நான் தினமும் கேட்டுக்கொள்வது இனியும் குறையாது, உன்னோடு எவ்வளவு கோபம் என்றாலும்.

ஒன்றை மறந்துவிடாதே, ஆவணியில் அப்பாவின் திவசம் வருகிறது. படையலில் அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் வைக்க வேண்டும். அதை நான் கஜாலினி திறக்கக்கூடிய குழாயில் பிடித்து வைப்பேன். அது இல்லையென்றால் எங்கள் கிணற்று உவர்த் தண்ணீரைத்தான் வைப்பேன், ஏன் என்று அவர் கேட்டால் மகனிடம் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
அதிபரின் மேசையில் வைக்காத கையெழுத்தை இந்தக் கடிதத்தில் வைக்கும்
உன் அன்பு அம்மா,
தி. மீனலோசனி