கவிழ்த்துப் பார்த்து வாங்கு

சங்கரன்கோவில்,
4-1-1979, வியாழக்கிழமை.

அன்பு மகன் சண்முகையாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பேச்சி எழுதும் கடிதம். இங்கே நானும் பேச்சியும் உன் அய்யாவும் காளை இரண்டும் குறையில்லாமல் இருக்கிறோம். நீ அந்தமானில் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. தங்கப்பழம் மாமா சொல்லியனுப்பியபடி அவர் வீட்டு முகவரிக்கு நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. மாமா அதை வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டுவந்து, உன் அய்யா வயலுக்குப் போன பிறகு கொடுத்தார். அதற்கு முன் நம் வீட்டு முகவரிக்கே வந்த கடிதத்தை உன் அய்யா பிரித்தும் பார்க்காமல் அடுப்பில் போட்டுவிட்டார். நெலத்துல நிக்கத் தெரியாத பயலுக்குத் தண்ணியில என்னடி சோலி, இந்த வீட்ல இருந்து அவனுக்கு எவ காயிதம் எழுதினாலும் மறுநா பேச்சி பள்ளிக்கூடம் போகமாட்டா என்று சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்கிறவர் என்று உனக்குத் தெரியும். அதனால் அவர் தொழுவத்தில் படுத்த பிறகு, சிமினி விளக்கைக் குதிருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். அவர் இருமும்போதெல்லாம் பேச்சி விளக்கை ஊதி அணைத்துவிடுகிறாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பிள்ளை பாதி இருட்டில்தான் எழுதுகிறாள்.

துறைமுக வேலை முடிந்துவிட்டது, இனி சொந்தமாக ஒரு தோணி வாங்கித் தூண்டில் போடப் போகிறேன், தை அமாவாசை கழிந்ததும் தனியாகவே வெளிக்கடலுக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம், ஊருக்கு வா என்று சொல்லத்தான் முதலில் வாயெடுத்தேன். இரண்டு நாள் யோசித்தேன். இங்கே வந்தாலும் மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு அய்யாவோடு சண்டைதான் போடுவாய். அதனால் போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் எந்தத் தோணியில் போகிறாய் என்பதில் நான் விடப்போவதில்லை, அதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

இரண்டு தோணி விலைக்கு இருக்கிறது என்கிறாய். ஒன்று ஒரே மரத்தைக் குடைந்தது, ஒடுங்கி நீளமாக இருக்கும், ஒற்றை ஆள் துடுப்புப் போட்டாலே அம்பு மாதிரிப் போகும். இன்னொன்று நிக்கோபார்க்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி, ஒரு பக்கம் இரண்டு கம்பு நீட்டி அதன் நுனியில் மிதவைக் கட்டை கட்டியது, பார்க்க அழகில்லை, ஆமை மாதிரி நகரும். நீ ஒடுங்கினதைப் பேசி வைத்துவிட்டாய், ஏனென்றால் அதன் மூக்கில் மரத்தின் கணு ராஜசுழி மாதிரி விழுந்திருக்கிறது, ஆகாத பாடைச்சுழி எங்கேயும் இல்லை, அய்யா காளை பார்க்கிற மாதிரி வால் வரை தடவிப் பார்த்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். இதைப் பேச்சி வாசித்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மக்கா, கட்டைக்கு ஏது சுழி? அது உயிரோடு இருந்தால் அல்லவா அதற்கு ஒரு ராசி இருக்கும். மாட்டிலேயே சுழி பார்த்து என்ன கண்டோம்? நெற்றியில் ராஜசுழி என்று உன் அய்யா பிடித்துவந்த மயிலைக்காளை புளியங்குடி ரோட்டில் எலுமிச்சம்பழ மூட்டையோடு படுத்ததே, நீதான் வாலைத் திருகிக்கொண்டு நின்றாய். சுழி நன்றாகத்தான் இருந்தது, படுத்த மாடு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு மாமா உன் அய்யாவிடம் சொன்னதை மறந்துவிட்டாயா? ஏ மச்சான், நடக்கித அழகை எவனும் பாப்பான் வே, படுக்கப் போட்டு எந்திரிக்கிதான்னுல்லா பாக்கணும் என்றார். தோணிக்கும் அதுதான்.

இதை யாரிடமாவது கேட்டு எழுதலாம் என்று பார்த்தேன். இந்த ஊரில் கடலோடு சம்பந்தப்பட்ட ஒரே ஆள் கருவாட்டுக்கடை ரசூல் அண்ணாச்சிதான். கேட்டால் அவர் சிரிக்கிறார். நான் காயல்பட்டணத்துல பொறந்தவந்தான் தாயி, ஆனா தோணியில கால் வச்சா கொடல் வெளிய வந்துரும், எனக்குத் தெரிஞ்ச மீனெல்லாம் உப்புக்குள்ள கெடக்கித மீனுதான் என்றார். கோவில் வாசலில் உருவத்தகடு விற்கிறவரிடம் போய்த் தோணித் தகடு இருக்கிறதா, உண்டியலில் போடவேண்டும் என்று கேட்டேன். பாம்பு இருக்கு, தேள் இருக்கு, கண்ணு காது கை காலு எல்லாம் இருக்கு, தோணிக்கு எங்க போவேன், இங்கன எவன்மா தோணி விட்டான் என்றார். அங்கேயே நின்று அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். தகடு இல்லை என்றதும் உனக்காக வேறு நேர்ச்சை எதுவும் வைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நேர்ச்சை வைத்தால் மனம் அடங்கிவிடும், மனம் அடங்கக்கூடாது என்றுதான் வைக்கவில்லை.

பிறகு நாங்களே பார்த்துவிட்டோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற பனந்தொட்டி இருக்கிறதல்லவா, முழுப் பனையைக் குடைந்து இரண்டு முனையும் அடைத்தது, அதைச் செவ்வாய்க்கிழமை அய்யா உரம் வாங்க வெளியூருக்குப் போனதும் மாமா வண்டியில் ஏற்றிக் குளத்துக்குக் கொண்டுபோனோம். இந்த வருடம் மழை நன்றாகப் பெய்து கரை தொட்டு நிற்கிறது. எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த அன்னக்கிளி, ஏட்டி கோமதி, தொட்டியில ஏறி அந்தமானுக்கா போறே, எனக்கும் ஒரு டிக்கெட் எடுட்டி என்று கத்தினாள். எருமைக்கு டிக்கெட் கிடையாதுட்டி என்றேன். வெறும் தொட்டியில் ஆள் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் நிற்கிறது. ஒரு பக்கம் கையை நீட்டினால் உருண்டுவிடுகிறது. நீ தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நேராகவா பார்த்துக்கொண்டிருப்பாய்? மீன் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தானே சாய்வாய். உருண்ட தொட்டிக்குள் தண்ணீர் நிறைந்ததும் அது அசையாமல் கிடக்கிறது, பிடித்து ஏறப்போனால் மறுபடி உருள்கிறது. பிறகு கிணற்று மேட்டில் சாய்ந்து கிடந்த வாழைத்தடியை இரண்டு கம்பில் கட்டிப் பக்கவாட்டில் நீட்டினோம். கையை நீட்டினாலும் உடம்பைச் சாய்த்தாலும் தொட்டி உருளவில்லை. ஒரு விஷயம் கவனி, தண்ணீருக்குள் விழுந்து ஏறும்போது வாழைத்தடி இருக்கும் பக்கமாகத்தான் ஏறவேண்டும். எதிர்ப்பக்கம் தொங்கினால் தடி மேலே தூக்கிக்கொண்டு எல்லாமே தலைகீழாகிவிடுகிறது. இதை உனக்கு அங்கே யாரும் சொல்லித் தந்தார்களோ இல்லையோ, நான் சொல்லிவிட்டேன்.

அண்ணே, இது பேச்சி. அய்யா தண்ணீர் கேட்டார் என்று அம்மா எழுந்து தொழுவத்துக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் எழுதுகிறேன். தொட்டியில் ஆள் உட்கார்ந்தால் என்று அம்மா சொன்னாளே, அந்த ஆள் நான் இல்லை. நான் பயந்துபோய் மாட்டேன் என்று அழுதேன். அம்மாதான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவள் அண்ணே, அவளுக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்கும் தெரியும். முதல் தடவை உருண்டபோது தலை முழுகி, கையை மட்டும் பார்த்தேன். மாமா அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். இருமி இருமித் தண்ணீரைக் கக்கிவிட்டு, இன்னொரு வாட்டி பாக்கணும் என்கிறாள். மாமா, ஏட்டி உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு, செத்துப்போவே என்று கத்தினார். அவள், அவன் அங்கன தனியா விழுவாம்லா, அவனுக்குக் கொண்டையப் பிடிச்சு இழுக்க யாரு இருக்கா என்று கேட்டாள். மாமா தொட்டியை மறுபடி நிமிர்த்திப் பிடித்தார். வாழைத்தடி கட்டிய பிறகும் வேண்டுமென்றே விழுந்தாள், எந்தப் பக்கம் ஏறினால் ஏறமுடியும் என்று தெரிகிறவரை விழுந்தாள். கடைசியில் யாரும் தொடாமல் தானாக ஏறி உட்கார்ந்தாள், அப்போது அன்னக்கிளி அத்தைகூடச் சிரிக்கவில்லை. இப்போதும் அவளுக்கு இடது காது கேட்கவில்லை, தண்ணீர் போய்விட்டது என்கிறாள். இதை உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அய்யாவை நினைத்தும் பயமாக இருக்கிறது, உன்னை நினைத்தும் பயமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மா வருகிறாள்.

உன் அய்யாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, ஏன் இன்னும் தூங்கலை என்று கேட்டார், கொசு என்றேன். விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். நான் நம் கிணற்றில் தலைகீழாகக் குதித்தவன், எனக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டாம் என்று நினைப்பாய். கிணற்றில் கை சோர்ந்தால் எட்டிப் பிடிக்கப் படி இருந்தது. கடலில் படி கிடையாது, தோணிதான் உனக்குப் படி. நீ விழுந்த பிறகு எந்தத் தோணி உன்னை மறுபடி ஏற்றிக்கொள்கிறதோ அதுதான் உன் தோணி. வேகமாகப் போகாவிட்டால் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பு. பேசி வைத்துவிட்டோமே, சொன்ன சொல் என்னாவது என்று வெட்கப்படாதே. சந்தையில் துண்டுக்குள் கை கொடுத்து விலை முடித்த பிறகும் மாடு நொண்டினால் கயிற்றைத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கம்தான், யாரும் தப்பாகச் சொல்லமாட்டார்கள். வாங்குவதற்கு முன்னால் கரைக்குப் பக்கத்தில், கழுத்தளவுத் தண்ணீரில், இரண்டு ஆளைக் கரையில் நிறுத்திவிட்டு, நீயே அதைக் கவிழ்த்துப் போடு. யாரும் கை கொடுக்காமல் நிமிர்த்தி, தண்ணீரை இறைத்து, ஏறி உட்கார். முடியவில்லையென்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் உனக்கு வேண்டாம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், எங்களைப் பார்த்தும்தான் சிரித்தார்கள்.

நாளைக் காலையில் பேச்சி பள்ளிக்கூடம் போகிற வழியில் இதைத் தபாலில் சேர்த்துவிடுவாள். அவள் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று தெரிந்ததும், உன் அய்யாவிடம் நானே சொல்லிவிடப் போகிறேன். எழுதச் சொன்னது நான், தொட்டியைக் குளத்தில் இறக்கினதும் நான் என்று சொல்வேன். கத்துவார், கத்தட்டும். பேச்சியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டேன் என்றால் நானும் உளுந்தஞ்செடி பறிக்க வயலில் இறங்கமாட்டேன், அவரே தனியாகப் பறித்துக்கொள்ளட்டும். இதை நான் சொல்லும்போது பேச்சி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள், எழுதுட்டி என்று சொல்லி எழுதவைக்கிறேன். இவ்வளவு நாள் பயந்தது போதும். நீ வெளிக்கடலில் இருக்கும்போது நான் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உன்னை நினைத்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே இனிமேல் மாமா வீட்டு முகவரிக்குப் போடவேண்டாம். உறையின் மேல் உன் அய்யா பெயரையே எழுது, வீரபாண்டி என்று கொட்டை எழுத்தில் எழுது. அடுப்பில் போட வந்தால் நான் கையைப் பிடித்துக்கொள்வேன். பிரித்ததும் முதல் வரியில் நலம் விசாரிக்கவேண்டாம், தோணியைக் கவிழ்த்தாயா, எந்தப் பக்கமாக ஏறினாய் என்பதை மட்டும் முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. சங்கரநயினாரும் கோமதி அம்மனும் உன் கூடவே இருக்கட்டும், கையும் காலும் சுகமாக, நூறு வருடம் கரையேறி வந்துகொண்டே இரு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
வீ. கோமதித்தாய்

எழுதியது: வீ. பேச்சி, பத்தாம் வகுப்பு