சத்தம் வராத கீபோர்டை வாங்கிவிட்டோம், முரளி

அடேய் முரளி, என் செல்லக் கழுதையே,

இன்று காலை வாங்கிவிட்டோம். நீ ஆசை ஆசையாகக் கை வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வேண்டாமென்று விட்டு வந்த அந்தச் சத்தம் வராத கீபோர்டைத்தான். அதே மாடல் இல்லை, அது இப்போது வருவதில்லையாம். அதே தி. நகர் கடை, அதே கடைக்காரர். 'தம்பி எப்படி இருக்காரு?' என்று கேட்டார். சொன்னேன். எழுந்து வந்து என் பக்கத்தில் சும்மா நின்றார். பாவம், வேறென்ன செய்வார்?

சேகர் கூட வந்தான். கல்யாணக் கச்சேரிகளில் உனக்குப் பக்கத்தில் ரிதம் பேட் வாசித்தானே, அதே சிந்தாதிரிப்பேட்டை சேகர்தான். நீ போன பிறகு மேடை ஏறுவதைக் குறைத்துக்கொண்டுவிட்டான். வேறொரு கீபோர்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் கை ஓடவில்லையாம். வேளைக்குச் சாப்பிடுவதுமில்லை. அம்மா திட்டித் திட்டித்தான் தட்டில் போடுகிறாள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நாம் முதல்முறை அந்தக் கடைக்குப் போனது? நவராத்திரிக்கு முந்தைய வாரம். மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று, ஸ்பீக்கரோடு வரும் சாதாரண கீபோர்டு. கட்டையைத் தொட்டால் பியானோ, புல்லாங்குழல், தாளம் எல்லாம் தானாகவே வரும். இன்னொன்று மிடி கன்ட்ரோலர். கம்ப்யூட்டரோடு இணைத்தால் ஒழிய மூச்சு விடாது. நீ நேராக அதனிடம் போய் நின்றுகொண்டாய்.

'இது வெறும் கைதான் அக்கா, வாத்தியம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு' என்றாய். எந்தக் கட்டையை, எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தினாய் என்பதை இது கம்ப்யூட்டருக்குச் சொல்லுமாம். மெல்லத் தொட்டால் மெல்ல ஒலிக்கும், ஓங்கி அடித்தால் ஓங்கி ஒலிக்கும். ஸ்பீக்கர் வைத்ததற்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. தடவினாலும் தட்டினாலும் ஒரே சத்தம். அதன் பின்னாலும் கம்ப்யூட்டருக்கு வயர் சொருக ஓட்டை இருந்தது, ஆனால் அழுத்தம் மட்டும் அதற்குப் புரியாது.

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஊமைக் கட்டைகளில் வாசிக்க ஆரம்பித்தாயே, கடையே திரும்பிப் பார்த்தது. டொக் டொக்கென்று கட்டைகள் அமுங்கும் சத்தம்தான் கேட்டது. ஒரு சின்னப் பெண் தன் அப்பாவின் கையை இழுத்து உன்னைக் காட்டிச் சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்னும் நான் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கையில் இருந்த கொலு பொம்மையைக் கீழே வைத்துவிட்டாள். நம் வீட்டு வழக்கம் உனக்கா தெரியாது? சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தையும் வாத்தியத்தையும் அடுக்கி வைத்தால் யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை முடிந்ததும் அவரவர் வித்தையை அம்பாள் முன்னால் கொஞ்சமாவது செய்தாக வேண்டும். நான் ஒரு கீதம் பாடுவேன், அம்மா ஒரு ஸ்லோகம் வாசிப்பாள், நீ வாசிப்பாய். அப்போது கம்ப்யூட்டரோ சேகர் வீட்டில் இருந்தது. நீங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய அந்தப் பழைய பெட்டியை வைக்க மயிலாப்பூரில் நமக்கு இடம் இல்லை.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பா. வாயே இல்லாத வாத்தியத்தை வெச்சுண்டு நீ என்னடா பண்ணுவே? வாங்கின வருஷமே அம்பாள் முன்னாடி ஊமையா உட்காரணுமா?' என்றாள்.

அவ்வளவுதான். நீ என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'சரிம்மா, பேசறதையே வாங்கறேன்' என்று சொல்லிவிட்டாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறதடா, இப்போது நினைத்தாலும். புளியோதரையில் கடலை குறைந்தால் மல்லுக்கு நிற்கிறவன் நீ. சட்டைக்குக் கஞ்சி போட்டது சரியில்லையென்று சலவைக்காரரோடு தெருமுனைவரை வாதாடிக்கொண்டே போனவன். அன்றைக்கு எங்கே போயிற்று உன் பிடிவாதம்? ஒரே ஒரு வார்த்தை, 'இல்லம்மா, எனக்கு அதுதான் வேணும்' என்று சொல்லியிருக்கக் கூடாதா?

விஜயதசமியன்று அம்மா முதல் கட்டைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சந்தனம் இடுக்கில் இறங்கிவிடுமோ என்று நீ வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே வாசித்தாய். பக்கத்துப் போர்ஷன் மாமியெல்லாம் வந்து கேட்டார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்காகத்தான் நீ அதை வாங்கினாய், தெரியும். அதனால்தான் உன்னை முழுசாகத் திட்டக்கூட முடியவில்லை.

அந்தக் கார்த்திகை மழையில் கூவம் பொங்கி, சேகர் வீட்டு வாசல்வரை தண்ணீர் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் பெட்டியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஆட்டோவில் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். பீரோவை நகர்த்தி இடம் பண்ணினோம். அது திரும்பிப் போகவே இல்லை. ஊரார் பாட்டையெல்லாம் மேடையில் வாசித்துக்கொண்டிருந்த நீ, அந்தப் பேசுகிற கீபோர்டை அதோடு இணைத்துத்தான் உன் சொந்தப் பாட்டை ஆரம்பித்தாய். காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உட்காருவாய். கேசட்டில் பதிந்து தாடா என்றால், நல்ல கீபோர்டு வரட்டும் அக்கா, அப்புறம் பதியலாம் என்பாய். நல்ல கீபோர்டு வரவில்லை. மஞ்சள் காமாலைதான் வந்தது. கண் மஞ்சளாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, வடபழனி ஸ்டூடியோவில் ஏசி அதிகம் என்று சொன்னாயே, அதற்கும் இதற்கும் என்னடா சம்பந்தம்?

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்துத்தான் சேகர் பெட்டியைத் திறந்தான். உன் பாட்டைப் போட்டான். சமையலறையில் இருந்து அம்மா ஓடிவந்தாள். கொஞ்சநேரம் கேட்டாள். பிறகு, 'இது அவன் இல்லையேடீ. அவன் இப்படி வாசிக்க மாட்டானே' என்றாள்.

உண்மைதான். மெட்டு உன்னுடையது, ஆனால் எல்லா ஸ்வரங்களும் ஒரே கனத்தில் வரிசையாக நடந்து போயின. சேகர் திரையில் காட்டினான். ஒவ்வொரு ஸ்வரத்துக்குப் பக்கத்திலும் எவ்வளவு அழுத்தினாய் என்பதற்கு ஓர் எண். மேலிருந்து கீழ்வரை ஒரே எண். நீ எங்கே தடவினாய், எங்கே கோபப்பட்டாய், எதுவுமே அதில் இல்லை. அந்தக் கீபோர்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மாவிடம் மட்டும், கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது அம்மா, அதனால்தான் இப்படி, என்று சொல்லி வைத்தேன். அவள் கேட்ட கீபோர்டால்தான் என்று எந்த வாயால் சொல்வேன்?

சேகருக்கு ஒரு யோசனை. அழுத்தம் தெரிகிற கன்ட்ரோலரை வாங்குவது. நீ வாசிப்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்ட காது என்னுடையது, நீ கற்றுக்கொடுத்த அளவுக்கு விரலும் ஓடும். நான் உட்கார்ந்து, உன் ஸ்வரம் ஒவ்வொன்றையும் நீ எப்படித் தொட்டிருப்பாயோ அப்படித் தொட்டுக்கொடுத்தால் போதும், 'நம்ம முரளி திரும்ப வந்துடுவான்கா' என்றான். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கடையில் இன்று நாலைந்து வகை இருந்தன. பக்கத்தில் கல்லூரிப் பையன்கள், ஹோட்டலில் டிஜே பண்ணுகிறவர்களாம், குமிழ்களும் பட்டன்களும் நிறைய இருக்கிற ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் எனக்கு நீளமானதைக் காட்டினார், மேடைக்கு எடுப்பாக இருக்கும் என்று. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் அந்த மெட்டைச் சத்தமில்லாமல் வாசித்துப் பார்த்தேன். ஒன்றில் கட்டை கொழகொழவென்று இருந்தது. இன்னொன்றில் கல்லு மாதிரி. மூன்றாவதில் விரல் அமுங்கும்போது ஒரு சின்ன எதிர்ப்பு இருந்தது. இடது பக்கம் ஸ்வரத்தை இழுக்க ஒரு சக்கரமும் இருந்தது, வீணையில் கம்பியை இழுப்பது போல. இதுதான் என்றேன். எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்களோ தெரியாது. எனக்கு வெட்கமாகவே இல்லையடா.

வீட்டில் சேகர் வயரைச் சொருகியதும் அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். 'இதுலேயும் தானா சத்தம் வராதா?' என்றாள். கம்ப்யூட்டர் வழியாக வரும் என்றேன். ஒரு கட்டையை மெல்லத் தொட்டாள். மெல்ல வந்தது. அழுத்தினாள். ஓங்கி வந்தது. மறுபடி மெல்ல, மறுபடி அழுத்தி. அப்புறம் கையை எடுத்துக்கொண்டாள்.

'இதைத்தான் அன்னிக்கு அவன் கேட்டானா?'

சேகர் தரையைப் பார்த்தான்.

'நான் சத்தம் வேணும்னேன்' என்றாள் அம்மா. 'அவன் வாங்கிண்டு வந்துட்டான்.'

அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாட்டைப் போடுங்கோ என்றாள்.

போட்டோம். முரளி, அந்தப் பாட்டின் நடுவில் ஓர் இடத்தில் நீ நிறுத்திவிடுகிறாய். மெட்டு பாதியில் நிற்கிறது, கொஞ்சநேரம் ஒன்றுமே இல்லை, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. அந்த ஓட்டையை அடைப்பது ரொம்பச் சுலபம், தாளத்தில் நீ லேசாகப் பிந்தி வருகிற இடங்களையும் கம்ப்யூட்டரில் ஒரே பட்டனைத் தட்டி நேராக்கிவிடலாம் என்று சேகர் முன்பே சொல்லியிருந்தான். இன்று அந்த இடம் வந்தது. பாட்டு நின்றது. சேகர், 'இத்த அடைச்சிடலாமா கா?' என்றான்.

அம்மா கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள்.

'இங்கேதான் நான் காபி ஆறிப்போறதுன்னு கூப்பிட்டேன்' என்றாள். 'ரெக்கார்டு போயிண்டிருக்கும்மான்னு திட்டிண்டே எழுந்து வந்தான். நின்னுண்டே குடிச்சான். இப்போ டம்ளரைக் கீழே வைப்பான் பாரு.'

அடுத்த ஸ்வரம் வந்தது.

பாட்டு முடியும்வரை அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. இது அவன் இல்லை என்றும் சொல்லவில்லை. உன் கனம் போய்விட்டது முரளி, அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது, என்னாலும் முடியாது. நான் அழுத்தினால் அது என் விரல்தானே? ஆனால் நீ எப்போது தொட்டாய், எங்கே பிந்தினாய், எங்கே எழுந்து போனாய், அதெல்லாம் அப்படியே இருக்கிறது.

வரப்போகும் விஜயதசமிக்குப் புதுக் கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் சேர்த்தே அம்பாள் முன்னால் வைப்போம். அம்மா சந்தனம் வைப்பாள், நான் துடைத்துக்கொண்டே இருப்பேன். நான் என் கீதத்தை இதில் வாசிப்பேன், என் கனத்தோடு. அப்புறம் உன் பாட்டு. உன் ஸ்வரம் ஒன்றைக்கூட யாரும் தொடமாட்டோம். சேகர் தாளம் வாசித்தாலும் நீ பிந்துகிற இடத்தில் அவனும் பிந்துவான், நீ நிறுத்துகிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவான். அந்த இடத்தை யாரும் அடைக்க மாட்டோம். காபி குடித்துவிட்டு நீ வரும்வரை காத்திருக்கிறோம்.

திட்டிக்கொண்டே இருக்கும் உன் அக்கா,
வத்சலா