கடலைப் பார்த்தபடி ஏறிய தோணி

ஐப்பசி, வெள்ளி இரவு

சூசை, நான் பகிடிக்குத்தானே கேட்டனான், அதுக்கு ஏன் முறைச்சனீ?

கடல் உன் வீட்டுக் குசினியைத் தின்றது, பிறகு அறையையும் தின்றது. கந்தளாயில் உனக்கு வீடு கொடுத்தார்கள். இன்று சாமான் ஏற்ற லொறி வந்தது. நீ தோணியையும் ஏற்றினாய்.

"கந்தளாயில கடல் இல்லை மச்சான். இதை வைச்சு வயல் உழப்போறியோ?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நீ சிரிக்கவில்லை. தோணியின் முகம் தரைப்பக்கம் இருந்ததைக் கண்டு, இறக்கித் திருப்பி ஏற்றச் சொன்னாய். கரையில் நின்றாலும் தோணி கடலைப் பார்த்துத்தான் நிற்க வேணும், அது எங்கள் ஊர் இறக்கக்கண்டியின் வழக்கம்.

"அப்ப தோணி கந்தளாய் வரைக்கும் பின்னுக்கே நடந்து போகப்போகுது" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். பிறகுதான் உன் கண்ணைப் பார்த்தேன்.

லொறி புறப்படும்போது உன் கையைப் பிடித்தேன். என் வீடு இன்னும் நிற்கிறது, பின்னறை சும்மாதான் கிடக்கிறது.

"சூசை, தோணியை இறக்கு. என்ர வளவுக்குள்ள விடு. நீயும் உன்ர மனிசியும்..."

"போகேக்கயாவது பகிடியை விடடா" என்று கையை உதறிவிட்டு, நீ போய் லொறியில் ஏறிவிட்டாய்.